ஒரு சாண் எட்டாத பெல்ட்

எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் நான்தான் ஒட்டுவேன். மிக்ஸி மூடி, பக்கெட் பிடி, மகள் அனிஷாவின் ஜியாமெட்ரி பாக்ஸ், மாதா படத்தின் சட்டம், எதையும் கடைக்குக் கொண்டுபோக விட்டதில்லை. உரக்கடையில் பில் போடுகிறவனுக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு என்று என் முதலாளியே கேட்டிருக்கிறார். எனக்குக் கை சும்மா இருக்காது. அதோடு, காசையும் வாங்கிக்கொண்டு அரைகுறையாக வேலை செய்து கொடுப்பவனைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். என் மனைவி புஷ்பமேரி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "எங்கூட்டுக்காரரு சாவறதுக்கு முன்னால பொட்டியையும் அவரே செஞ்சி வெச்சிட்டுத்தான் சாவாரு" என்பாள். கடைசியில் பெட்டி அவளுக்குத்தான் முதலில் தேவைப்பட்டது. அது ஒன்றைத்தான் கடையில் வாங்கினோம்.

தை மாதத்தில் போனாள். சேலத்தில் அவள் சித்தி மகள் கல்யாணத்துக்கு எங்கள் காரில் போகும்போது, தொப்பூர் இறக்கத்தில், முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. ஓட்டியது நான். காரின் மூக்கு லாரிக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. நான் பெல்ட் போட்டிருந்ததால் இரண்டு விலா எலும்போடு போயிற்று. பின்சீட்டில் இருந்த அனிஷாவுக்கு இடது மணிக்கட்டு. புஷ்பமேரி பெல்ட் போடவில்லை.

"பெல்ட் போட்டிருந்தாங்களா?" என்று போலீஸ்காரர் ஆஸ்பத்திரியில் கேட்டார்.

"போடலைங்க" என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்த ஏனுக்குப் பதிலை ஊர் சொல்லிக்கொண்டது. பட்டுப்புடவை கசங்கிவிடும் என்று போட்டிருக்க மாட்டாள் என்று துக்கத்துக்கு வந்த ஒருத்தி சொன்னாள். அடக்கம் செய்வதற்குள் அது சத்தியமாகிவிட்டது. அவளுடைய சொந்த அண்ணன், அரூரில் இருக்கும் ஆண்டனி மச்சான், தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஒரு பொடவைக்காக உசுர வுட்டுட்டியேடி பாவி" என்று அவள் முகத்தைப் பார்த்தே கேட்டார். நான் பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் பழி பெட்டிக்குள் இருந்தது, பாவம் நாற்காலியில் இருந்தது.

என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இனி ஒளித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

எங்களுடையது இருபது வருஷத்துப் பழைய வண்டி. அந்த வயதில் வெளியே இரும்பு துருப்பிடிக்கும், உள்ளே பிளாஸ்டிக் அப்பளமாகும். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். அதன் கீழ்ப்பக்கத்தில் ஒரு நீளமான வாய். சீட் பெல்ட் அந்த வாய் வழியாகத்தான் உள்ளே சுருண்டும் வெளியே நீண்டும் ஓடும். இடது பக்கத்து மூடி அந்த வாயை ஒட்டி விரிந்து உடைந்திருந்தது. நான் ஒரு முறை அலுமினிய ஏணியை உள்ளே திணித்தபோது உடைந்ததுதான். உடைந்த முனை கத்திபோல நீட்டிக்கொண்டிருந்தது. புஷ்பமேரி ஏறும்போதெல்லாம் முந்தானை அதில் மாட்டும்.

"ஏங்க, கல்யாணத்துக்குப் பட்டு கட்டிக்கினு வரணும். இத கடையில குடுத்து மாத்திடலாம்ல?" என்றாள்.

"இதுக்கு ஒருத்தன் எதுக்கு?" என்றேன்.

அடுப்படியிலிருந்து ஆப்பசோடா எடுத்துவரச் சொன்னேன். விரிசலில் சோடாவைத் தூவி, மேலே உடனே பிடிக்கும் பசையைச் சொட்டினால் கல்லாக இறுகும். வீடியோவில் பார்த்த வித்தை. மூடியைக் கழற்றிச் செய்திருக்க வேண்டும். கழற்றினால் கிளிப் உடையும் என்று சோம்பல்பட்டு, பெல்ட்டைக் கொஞ்சம் வெளியே இழுத்து ஒதுக்கிவைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே ஒட்டினேன். ஒரு சொட்டு போதாதென்று இரண்டு, இரண்டு போதாதென்று ஒரு டியூப். பசை தண்ணீர் மாதிரி. விரிசலில் நிற்காமல் உள்ளே ஓடி, வாயில் இருந்த பெல்ட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அது எனக்குத் தெரியாது. மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தடவிப் பார்த்து, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலையில் அவள்தான் கண்டுபிடித்தாள். அனிஷா இன்னும் உள்ளே செருப்பு தேடிக்கொண்டிருந்தாள்.

"பெல்ட்டு வர மாட்டேங்குதுங்க. ஒரு சாண் எட்டல."

குனிந்து பார்த்தேன். வெளியே இருந்த நீளம் அவள் தோளைத் தாண்டி இடுப்பு வரை வந்தது. பூட்டுக்கு ஒரு சாண் குறைந்தது. அவள் இன்னொரு முறை வெடுக்கென்று இழுத்தாள். பிளாஸ்டிக் மொறுக்கென்றது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"இழுக்காத! ஒட்டுனது வுட்டுக்கும்."

"அப்ப போட வேணாமா?"

"டோல்கேட்ல மட்டும் தோள் மேல போட்டு கையில புடிச்சிக்க. கேமராவுக்குத் தெரிஞ்சா போதும். தாண்டுனதும் வுட்டுடு."

எங்கள் பக்கத்தில் பெல்ட் என்பது போலீசுக்குப் போடுவது. டோல்கேட் வருவதற்கு ஐம்பதடி முன்னால் மாட்டுவோம், ஐம்பதடி தாண்டிக் கழற்றுவோம். அதியமான்கோட்டையிலிருந்து சேலம் போகிற வண்டிகளில் பாதி அப்படித்தான் போகிறது. நானே அப்படிப் போகிறவன்தான். அன்றைக்கு ஏனோ கழற்ற மறந்துவிட்டேன்.

சொன்னதைச் செய்தாள். டோல்கேட்டில் பெல்ட்டைத் தோளில் போட்டு, இடுப்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தாண்டியதும் விட்டுவிட்டாள். இறக்கத்தில் வளைந்து வளைந்து இறங்கும்போது அனிஷாவுக்கு வழக்கம்போல வயிற்றைப் புரட்டியது. "அம்மா, கவர் குடு" என்றாள். புஷ்பமேரி கவரை எடுத்துக்கொண்டு பின்னால் திரும்பினாள். அப்போதுதான் லாரி நின்றது.

வண்டி போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வாரம், பட்டறையில் இரண்டு மாதம் நின்றது. முன்பக்கத்தை நிமிர்த்திப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். உள்ளே கை வைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். வீட்டு வாசலில் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடினேன். ஜூன் மாதம் ஆண்டனி மச்சான்தான் விற்றுவிடச் சொன்னார். அரூரில் முருகேஷ் என்று ஒரு கார் புரோக்கர், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு மறுநாள் திங்கட்கிழமை மச்சான் அனிஷாவைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது.

அனிஷா மடத்துக்குப் போகிறேன் என்றாள். மணிக்கட்டில் கட்டோடு பத்தாவது பரீட்சை எழுதி, நானூற்று அறுபத்தொன்று வாங்கியவள். பிளஸ் ஒன் வேண்டாம், திருவண்ணாமலைப் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் மடத்தில் சேர்ந்துவிடுகிறேன் என்று ஒரே பிடியாக நின்றாள். எங்கள் சொந்தத்தில் வீட்டுக்கு ஒரு பெண் மடத்துக்குப் போவது பெருமைதான். ஆண்டனி மச்சானுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "அவங்கம்மா மேல இருந்து கூப்பிட்டு அனுப்பறா மாப்ள" என்றார். எனக்கு மட்டும் உறுத்தியது. ஆண்டவரைத் தேடிப் போகிறவள் நான்கு மாதமாகக் கோயிலில் நன்மை வாங்கவில்லை. பூசையில் ஃபாதர் கையால் தரும் அந்த அப்பத்தைப் பெரிய பாவம் உள்ளவர்கள் வாங்கக் கூடாது. எல்லாரும் வரிசையில் போகும்போது இவள் பெஞ்சிலேயே முழந்தாளில் இருப்பாள். நான் போய் வாங்கிக்கொண்டு வருவேன். போகாவிட்டால் ஊர் ஏன் என்று கேட்குமே. தாய் போன துக்கம், கடவுள் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளையின் முகத்தைப் படிக்கத் தெரியாதவன் பிளாஸ்டிக்கில் இருக்கும் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிப்பான்.

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டுத் தார்ப்பாயைப் பிரித்தேன். விற்கிற வண்டி, உள்ளே பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா என்று கேட்டவர்களிடம் சொன்னேன். உண்மைக் காரணம் இடது பக்கத்துத் தூணில் இருந்தது. முருகேஷ் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பான். இழுத்தால் வராது. ஏன் வரவில்லை என்று குனிந்து பார்ப்பான். அவன் பக்கத்தில் ஆண்டனி மச்சான் நிற்பார்.

முதலில் டேஷ்போர்டின் கீழ் இருக்கும் சாமான் அறையின் மூடியை எடுத்தேன். அது அவள் முழங்கால் பட்டு உடைந்தது. இரண்டு இடத்தில் குழிந்து வெள்ளையாகப் பிளந்திருந்தது. இரண்டு முழங்காலுக்கு இரண்டு குழி. கொசுவலைக் கம்பியைச் சின்னதாகக் கத்தரித்து, பின்பக்கம் வைத்து, சோல்டரிங் அயர்னால் அழுத்தினால் கம்பி பிளாஸ்டிக்குக்குள் உருகி இறங்கித் தையல் போட்டமாதிரி பிடித்துக்கொள்ளும். இந்தத் தடவை பசை இல்லை. பசையைத் தொடவே கை கூசியது. உருகும் பிளாஸ்டிக் நாற்றத்தில் கண் எரிந்தது என்று சொல்லலாம். அழுதேன், அவ்வளவுதான்.

அப்புறம் தூணுக்கு வந்தேன். கதவோரத்து ரப்பர் பீடிங்கை உரித்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, மூடியைக் கழற்றினேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? ஒரு கிளிப்கூட உடையவில்லை. பெல்ட்டை வாயை ஒட்டி அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பசை ஊறிய இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பெல்ட் மரக்கட்டையாக இருந்தது. சோடா வெள்ளையாகப் படிந்திருந்தது. அவள் வெடுக்கென்று இழுத்த இடத்தில் பசையில் ஒரு கீறல். இன்னும் இரண்டு முறை இழுத்திருந்தால் விட்டிருக்கும் என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது. இழுக்காதே என்றேன், இழுக்கவில்லை.

மூடியையும் பெல்ட்டையும் மடியில் வைத்துக்கொண்டு இடது சீட்டில் உட்கார்ந்திருந்தபோது அனிஷா காபி கொண்டுவந்தாள். விபத்துக்கு அப்புறம் அவள் அந்தக் காரின் பக்கத்தில் வந்ததே இல்லை. திறந்திருந்த கதவுக்கு வெளியே டம்ளரோடு நின்றாள்.

"அப்பா."

"என்னம்மா."

"திங்கக்கிழம போயிருவேன். அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். மன்னிப்பு கெடைச்சிரிச்சின்னாரு. எனக்குக் கெடைச்ச மாதிரி இல்லப்பா."

டம்ளரை நீட்டினாள். வாங்கிக் கீழே வைத்தேன்.

"எல்லாரும் அம்மா பெல்ட்டு போடலங்கறாங்க. பொடவைக்காக போடலன்னு ஆண்டனி மாமாகூட சொல்றாரு. பொய்யிப்பா. அம்மா போட்டிருந்தாங்க. நான் நேரா பின்னாலதான ஒக்காந்திருந்தேன். டோல்கேட்ல தோள் மேல இருந்திச்சி, என் கண்ணால பாத்தேன். நான் கவர் கேட்டேன். எனக்குக் குடுக்கத்தான் கழட்டிட்டுத் திரும்புனாங்க."

என் கை மடியில் இருந்த பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது.

"கேக்காம வாந்தி எடுத்திருந்தா என்னாப்பா ஆயிருக்கும்? டிரஸ்தான கெட்டிருக்கும்?"

பதினைந்து வயதுப் பிள்ளை. நான்கு மாதமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதி, பாத்திரம் கழுவி, எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். இந்த ஒரு காரணத்துக்குத்தான் மடத்துக்குப் போகிறாள். ஆண்டவர் கூப்பிட்டதாலும் போகவில்லை, அம்மா கூப்பிட்டதாலும் போகவில்லை. தன்னைத் தானே தண்டிக்கப் போகிறாள்.

பதில் என் மடியில் இருந்தது. அவள் கைக்கு எட்டும் தூரம். 'இந்தா, தொட்டுப் பார், இது எட்டாத பெல்ட், உங்கம்மா போடவே இல்லை, நான்தான் போடவிடவில்லை' என்று சொன்னால் அந்த நிமிஷமே அவள் விடுபட்டிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் கிடந்த பழைய பனியன் துணியை எடுத்து மடியில் இருந்ததை மூடினேன்.

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன். "ஆண்டவர் சித்தம். நீ உள்ள போ, வெயிலா இருக்குது."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போய்விட்டாள்.

பயந்துவிட்டேன், வேறென்ன. இவளும் அம்மாவைக் கொன்றவன் என்று என்னைப் பார்ப்பாளோ என்று பயம். ஆண்டனி மச்சான் சட்டையைப் பிடிப்பாரோ என்று பயம். என்னிடம் மிச்சமிருப்பது இவள் ஒருத்தி. திங்கட்கிழமை போகிறவள் 'எங்கப்பா' என்று நினைத்துக்கொண்டு போகட்டுமே என்று ஒரு கேவலமான ஆசை. கொஞ்ச நாள் போனால் தானே மறந்துவிடுவாள், பிறகு ஒரு நாள் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் நான்கு மாதம் தாண்டிவிட்டவன். எனக்கென்ன குறைச்சல்.

சனிக்கிழமை காலையில் தர்மபுரிக்குப் போய்க் காயலாங்கடையில் இதே மாடல் வண்டியின் பெல்ட் ஒன்றைச் சுருளோடு வாங்கிவந்து மாட்டினேன். மூடியின் விரிசலில் இருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்து, பின்பக்கம் கம்பி வைத்து உருக்கி, முன்பக்கம் பட்டி பூசி, மூன்று தரத்து உப்புத்தாளால் தேய்த்தேன். சாம்பல் நிற ஸ்ப்ரேயை இரண்டு கை அடித்துக் காயவைத்தேன். பழைய பெல்ட்டைக் கொல்லையில் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தேன். கரும்புகை எழுந்து வேலிக்கு அப்பால் போயிற்று. அது முழுக்க உருகி உருத்தெரியாமல் போகும்வரை குச்சியால் கிளறிக்கொண்டு நின்றேன்.

மாலையில் மூடியைத் திரும்ப மாட்டிக் கையால் தடவினேன். எங்கே உடைந்தது என்று எனக்கே தெரியவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த ஒரு நொடிக்காக என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கொஞ்ச நேரத்தில் ஆண்டனி மச்சான் முருகேஷைக் கூட்டிக்கொண்டு வந்தார். முருகேஷ் பேச்சே இல்லாமல் வேலை பார்க்கிற ஆள். பானெட்டைத் திறந்து பார்த்தான், டிக்கியில் பாயைத் தூக்கிப் பார்த்தான், நாலு கதவையும் அடித்துச் சத்தம் கேட்டான். இடது சீட்டில் உட்கார்ந்து சாமான் அறையைத் திறந்து மூடினான். பிறகு பெல்ட்டை இழுத்தான். சரசரவென்று வந்தது. விட்டான், உள்ளே ஓடிச் சுருண்டது. இன்னொரு முறை இழுத்துப் பூட்டினான்.

"பெல்ட்டு புதுசாட்டம் ஓடுதுங்க. பழைய வண்டில மொதல்ல இதுதான் மக்கர் பண்ணும். சார் நல்லா வெச்சிருக்காரு" என்றான்.

ஆண்டனி மச்சான் பெருமூச்சு விட்டார். "வண்டியில எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சி. போட்டிருந்தா பொழைச்சிருப்பா" என்றார்.

வாசற்படியில் அனிஷா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. விலை பேச மச்சானும் முருகேஷும் ரோட்டோரத்து டீக்கடைக்குப் போனார்கள். பின்னாலேயே வருகிறேன் என்று நான் நின்றுவிட்டேன். அவள் படி இறங்கி, வெறுங்காலோடு மண்ணில் நடந்து வந்து, கார்க் கதவைத் திறந்து, அவள் அம்மாவின் சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்தாள். பூட்டினாள். கழற்றினாள். திரும்பவும் பூட்டினாள். கழற்றிவிட்டுப் பின்பக்கம் திரும்பிக் கையை நீட்டிப் பார்த்தாள். கழற்றித் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

"நல்லாத்தான வருதுப்பா" என்றாள். "கழட்டாம திரும்பியிருந்தாகூட போதும்."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஓடிப்போய்க் கதவுப் பக்கம் மண்டிபோட்டேன்.

"அனிஷா, இது அந்த பெல்ட்டு இல்ல. இது நேத்து வாங்கி மாட்டுனது. அன்னிக்கு இருந்தது சிக்கிக்கிட்டு இருந்திச்சி. நான் பசை ஊத்தி ஒட்டிட்டேன். அம்மாவுக்குப் பூட்டு எட்டவே இல்ல. நான்தான் இழுக்காதன்னேன். டோல்கேட்டுக்காக கையில புடிச்சிக்கச் சொன்னேன். உங்கம்மா எதையும் கழட்டல கண்ணு. போட்டிருந்தாத்தான கழட்டறதுக்கு?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எந்த எடத்துலப்பா ஒட்டுனீங்க?" என்றாள்.

"இங்க. இந்த வாய்கிட்ட."

குனிந்து பார்த்தாள். நிஜமாகவே தேடினாள், அதுதான் கொடுமை. விரலால் மூடியை மேலிருந்து கீழாகத் தடவினாள். வெளிச்சம் படும்படி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஏதாவது கிடைக்காதா என்று அவள் முகம் ஏங்கியது. நானும் நகத்தால் சுரண்டினேன். ஒரு கோடு, ஒரு மேடு, ஒரு சொட்டு வெள்ளை, எதுவும் இல்லை. அந்த அளவுக்கு நான் கைதேர்ந்த வேலைக்காரன்.

"பழைய பெல்ட்டு எங்க?"

"எரிச்சிட்டேன்."

"ஏன் எரிச்சீங்க?"

"பயந்துட்டேன்மா. யாருக்கும் தெரிஞ்சிடக் கூடாதுன்னு..."

"வெள்ளிக்கெழம நான் சொன்னப்பவே ஏம்ப்பா இத சொல்லல?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுப்பாள் என்று நான் பயந்தேனே, அது வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாய் பார்ப்பாளே, அந்த மாதிரி பார்த்தாள். என் தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"ரெண்டு நாளா இதத்தான் யோசிச்சிக்கிட்டு இருந்தீங்களா?" என்றாள்.

"சத்தியமா, அனிஷா. மாதா மேல சத்தியமா."

"சத்தியம் பண்ணாதீங்கப்பா. அம்மா கையில புடிச்சிக்கிட்டு ஏமாத்துனாங்கன்னு சொல்றீங்க. எங்கம்மா அப்படிப் பண்ணுவாங்களா?" அவள் பெல்ட்டை மெதுவாக உள்ளே விட்டாள். "எனக்காகப் பொய் சொல்லாதீங்க. அந்தப் பாவமும் என் மேலதான் விழும்."

இறங்கி உள்ளே போய்விட்டாள். நான் கொல்லைக்கு ஓடி, சாம்பலைக் கையால் கிளறினேன். கறுப்பாக உருகிக் கெட்டியான ஒரு உருண்டை கிடந்தது. அதை எடுத்துப்போய் என்னவென்று காட்டுவது? எந்தக் குப்பையை எரித்தாலும் அப்படித்தான் இருக்கும்.

முருகேஷ் அன்று மாலையே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவன் போனதும் ஆண்டனி மச்சானைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் அனிஷா சத்தம் கேட்டு வந்திருப்பாள், மாமன் அடிக்கிறான் என்றால் நிஜம்தான் என்று நம்பியிருப்பாள். அதற்காகவே அடி வாங்கத் தயாராக நின்றேன். மச்சான் கேட்டுக்கொண்டே இருந்தார். பாதியில் அவர் கண் கலங்கிவிட்டது. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா எங்கிட்டயும் சொல்லிச்சி மாப்ள, கவர் விஷயம்" என்றார். "அது மனசு ஆறணும்னு நீங்க பழிய உங்க மேல தூக்கிப் போட்டுக்கறீங்க. எந்த அப்பன்யா இப்படிப் பண்ணுவான்? எந்தங்கச்சி குடுத்து வெச்சவ."

"இல்ல மச்சான், நெஜமாத்தான்..."

"வேணாம். என்கிட்ட போயி இதெல்லாம். வண்டிய நானும்தான பாத்தேன்."

திங்கட்கிழமை காலையில் அவர்கள் அரூர் பஸ்ஸில் ஏறினார்கள். அங்கிருந்து திருவண்ணாமலை பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. அனிஷா ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் வயிற்றைப் புரட்டினால் இருக்கட்டும் என்று நான் கொடுத்த கவரை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வேண்டாம்ப்பா என்று மட்டும் சொன்னாள். பஸ் கிளம்பியது.

அடுத்த ஞாயிறு நான் நன்மை வாங்க எழுந்திருக்கவில்லை. பெஞ்சிலேயே இருந்தேன். யாராவது ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். பூசை முடிந்ததும் பங்குத்தந்தை வந்து தோளில் கை வைத்தார். பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். ஆண்டனி மச்சான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். மகளுக்காகச் செய்யாத பாவத்தை ஏற்றுக்கொள்ளப் பார்த்தவன் என்று ஊரில் இப்போது எனக்கு நல்ல பேர்.